காண்ட்ராக்டர் மேல் கேஸ் இருக்கிறதா? கவுண்டி கோர்ட்டில் தேடிப் பார்க்கும் வழி

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கிய ஒருவர், சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் இடித்துக் கட்ட 80,000 டாலருக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் பேசி வைத்திருக்கிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. “அந்த ஆள் மேல் ஏற்கெனவே சிவில் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நெட்டில் தேடினால் முப்பது டாலர் கட்டுங்கள், முழு ஜாதகமும் தருகிறோம் என்கிறார்கள். நம்மூர் ஆர்டிஐ மாதிரி இங்கே ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறார்.

நான் சான் ஹோசே பக்கம் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வக்கீலின் உதவியாளர். கோர்ட்டில் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகத்தில் பாதி. வக்கீல் இல்லை என்பதால் வழக்குப் போடலாமா வேண்டாமா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கிடையாது. கேஸ் கட்டைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

ஆர்டிஐ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்க மத்திய அரசின் தகவல் உரிமைச் சட்டம் 1966-இல் வந்தது. அது அரசுத் துறைகளுக்குத்தான், நீதிமன்றங்களுக்கு இல்லை. கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டமும் கோர்ட்டின் வழக்கு ஆவணங்களைத் தொடாது. இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் உங்களுக்கு அந்தச் சட்டமே தேவையில்லை. சிவில் வழக்கின் கட்டு இங்கே இயல்பாகவே பொது ஆவணம். மூடி வைக்க வேண்டுமானால்தான் நீதிபதி காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். கோர்ட் ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல், முன்னாள் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்கள் பற்றிய வழக்கிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. (அந்த நாடாக்களின் நகல் கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பது வேறு கதை.) கவுண்டரில் போய் நின்றால் “நீங்கள் யார், எதற்கு?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம்மூரில் வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் நகல் மனு போட்டால் காரணம் சொல்லி அஃபிடவிட் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும்.

அந்த முப்பது டாலர் தளங்களை விட்டுவிடுங்கள். அவர்களும் இதே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தகவல்களைத்தான் மொத்தமாக அள்ளிச் சேர்க்கிறார்கள். ஒரே பெயருள்ள நாலு பேரை ஒன்றாக்கிவிடுவார்கள். வழக்குத் தள்ளுபடியானது பல நேரம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்காது. கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியுமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2017 ஜூலையிலிருந்து மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் சிவில் தீர்ப்புகளைப் பெரும்பாலும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன.

சரி, எங்கே தேடுவது? எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். கலிஃபோர்னியா முழுவதற்கும் சேர்த்து விசாரணை நீதிமன்றங்களைத் தேடும் ஒரே தளம் கிடையாது. 58 கவுண்டி, 58 சுப்பீரியர் கோர்ட், ஒவ்வொன்றுக்கும் தனித் தளம். ஒரு கவுண்டியில் நடக்கும் வழக்கு பக்கத்துக் கவுண்டியின் கம்ப்யூட்டரில் தெரியாது. பே ஏரியா எனப்படும் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் எல்லை எங்கே முடிகிறதென்று ரோட்டில் போகும்போது யாருக்கும் தெரிவதில்லை. ஃப்ரீமாண்ட் அலமேடா கவுண்டி. பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் மில்பிட்டாஸ் சாண்டா கிளாரா. டப்ளின் அலமேடா, ஒட்டியிருக்கும் சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டா. மலையைத் தாண்டிய மவுண்டன் ஹவுஸ் சான் வாகீன், அதற்குக் கோர்ட் ஸ்டாக்டனில். வேலை நடந்த இடம், ஒப்பந்தம் போட்ட இடம், பிரதிவாதி இருக்கும் இடம் இதையெல்லாம் வைத்துத்தான் எந்தக் கவுண்டியில் வழக்கு என்று முடிவாகும். எனவே காண்ட்ராக்டரின் ஆபீஸ் எந்தக் கவுண்டியில், அவர் வீடு எந்தக் கவுண்டியில், இதுவரை எந்தெந்த ஊரில் வேலை செய்திருக்கிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் என்று அவர் பெருமையாகக் கொடுக்கும் பட்டியலே இதற்கு உதவும். மூன்று நான்கு கவுண்டி தேறும். அத்தனையிலும் தேட வேண்டும்.

அடுத்தது பெயர். விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரில் வழக்கு இருக்கும் என்று நம்பாதீர்கள். மாநிலக் காண்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டின் தளத்தில் அவருடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் சரியான பெயரும், அதில் பொறுப்பில் உள்ளவர்களின் பெயர்களும் வரும். அதே ஆட்கள் முன்னால் வேறு லைசென்ஸில் இருந்தார்களா என்றும் அங்கேயே தெரியும். பழைய கம்பெனியை மூடிவிட்டுப் புதுப் பெயரில் கடை திறப்பது இந்தத் தொழிலில் அபூர்வம் இல்லை. எல்எல்சி, கார்ப்பரேஷன் என்று பதிவான கம்பெனி என்றால் மாநிலச் செயலாளரின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சொந்தப் பெயரில் இல்லாமல் வேறொரு கடைப் பெயரில் தொழில் செய்பவர் அந்தப் பெயரைக் கவுண்டி கிளார்க்கிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதையும் பார்க்கலாம். ஆக உங்கள் கையில் கம்பெனிப் பெயர், பழைய கம்பெனிப் பெயர், கடைப் பெயர், முதலாளியின் சொந்தப் பெயர் என்று நான்கு பெயராவது இருக்கும்.

இதில் நானே ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு நிறுவனத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னார்கள். கம்பெனிப் பெயரைப் போட்டேன், இரண்டு கவுண்டியிலும் ஒன்றும் வரவில்லை. “கிளீன் சார்” என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்டாக்டனில் முதலாளியின் சொந்தப் பெயரில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது, கம்பெனி இரண்டாவது பிரதிவாதி. அதுவும் கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு நான் முழுப் பெயரை அடிப்பதே இல்லை. முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் போட்டு, மிச்சத்துக்கு நட்சத்திரக் குறி. தளம் அதை ஏற்காவிட்டால் எழுத்தை மாற்றி மாற்றிப் போடுவேன். நம் பெயர்களுக்கு இது இன்னும் அவசியம். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், நம் பெயர் முதல் பெயராகவும், சில பாஸ்போர்ட்டில் தலைகீழாகவும் இருக்கும். தம்மேலேயே வழக்கு இருக்கிறதா என்று தேடுகிறவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு வரிசையிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது தேடலாம். தளத்துக்குத் தளம் வழக்கம் வேறு. லாஸ் ஏஞ்சலஸில் வழக்கு எண் தெரிந்தால் விவரம் இலவசம், பெயரை வைத்துத் தேடினால் ஒவ்வொரு தேடலுக்கும் காசு. சாண்டா கிளாராவில் பெயர் தேடல் இலவசம். வேறு சிலவற்றில் கணக்குத் தொடங்கிக் கார்டு எண் கொடுத்தால்தான் ஆவணம் திறக்கும். காசு கேட்கும் கவுண்டியில் சிக்கனமாக இருக்க வழி உண்டு: கோர்ட்டுக்கே நேரில் போனால் பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இலவசமாகத் தேடலாம். எந்த வழியில் போனாலும் முதல் குறி வழக்கு எண். அது கிடைத்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம். சாண்டா கிளாராவில் இப்போதைய எண்கள் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தில் ஆரம்பித்து, சிவில் என்பதற்கு இரண்டு எழுத்து, அப்புறம் வரிசை எண் என்று இருக்கும். எண்ணைப் பார்த்தவுடனே எந்த வருடத்து வழக்கு என்று தெரிந்துவிடும்.

தேடும்போது சிவில் என்பதற்குள் மூன்று அடுக்கு இருப்பதை மறக்கக் கூடாது. 35,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகள் ‘அன்லிமிடெட்’, அதுவரைக்கும் ‘லிமிடெட்’. 2024 ஜனவரிக்கு முன் அந்த எல்லை 25,000. இதற்குக் கீழே ‘ஸ்மால் கிளெய்ம்ஸ்’: தனி ஆள் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமல் தானே வாதாடும் இடம். வீட்டுக்காரர்கள் காண்ட்ராக்டர்களை இழுப்பது பெரும்பாலும் இங்கேதான். சில தளங்களில் ஸ்மால் கிளெய்ம்ஸைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் தேடும். அந்தக் கட்டத்தை டிக் பண்ணாமல் விட்டால் முக்கியமானதே வராது.

வழக்கு கிடைத்துவிட்டது என்று வையுங்கள். உடனே எல்லாக் காகிதத்தையும் இறக்க வேண்டாம். முதலில் ‘ரெஜிஸ்டர் ஆஃப் ஆக்‌ஷன்ஸ்’ என்ற பட்டியலைப் படியுங்கள். என்ன தேதியில் யார் என்ன தாக்கல் செய்தார்கள் என்று வரிசையாக இருக்கும். நம்மூர் கோர்ட்டில் ‘அ’ டைரி என்ற அன்றாடக் குறிப்பேட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனைதான். மார்ச் மாதம் ‘கம்ப்ளெய்ன்ட்’, அதாவது வாதியின் பிராது. கூடவே சம்மன். ஏப்ரலில் ‘புரூஃப் ஆஃப் சர்வீஸ்’, சம்மன் சேர்ந்துவிட்டது என்ற சாட்சி. அதன்பின் பிரதிவாதிக்கு 30 நாள். மே மாதம் ‘டெமரர்’: “அவர் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது” என்ற ஆட்சேபம். ஜூலையில் ‘ஆன்சர்’, அதாவது பிரதிவாதியின் பதில், கூடவே ‘கிராஸ் கம்ப்ளெய்ன்ட்’, அதாவது எதிர்வழக்கு. பிறகு வரிசையாக ‘கன்டின்யூட்’, ‘கன்டின்யூட்’. நம் பாஷையில் வாய்தா. அடுத்த வருடம் ‘நோட்டீஸ் ஆஃப் செட்டில்மென்ட்’, சமரசமாகிவிட்டது என்ற அறிவிப்பு. கடைசியில் ‘டிஸ்மிஸல் வித் பிரெஜுடிஸ்’.

இந்தக் கடைசி வரியைப் பார்த்து “வழக்கு தள்ளுபடி, காண்ட்ராக்டர் ஜெயித்துவிட்டார்” என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. சமரசத்துக்குப் பிறகு வாதியே மனுப் போட்டு முடித்துக்கொண்டது, இனி இதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்பதுதான் பெரும்பாலும் இதன் பொருள். எவ்வளவு பணம் கைமாறியது என்பது கட்டில் இருக்காது. இன்னொரு குழப்பம்: நம்மூரில் எக்ஸ்பார்ட்டி என்றால் பிரதிவாதி வராமல் போனதால் ஒருதலையாகத் தீர்ப்பானது. இங்கே அதற்குப் பெயர் ‘டிஃபால்ட்’. இங்கே ‘எக்ஸ் பார்ட்டே’ என்று பட்டியலில் பார்த்தால் அது அவசர மனு, அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்துக்கு நான் முதலில் பார்ப்பது யார் வழக்குப் போட்டார்கள் என்பதை. பத்து வருடம் தொழில் செய்த காண்ட்ராக்டர் மேல் கோபக்கார வீட்டுக்காரர் ஒருவர் ஸ்மால் கிளெய்ம்ஸ் போட்டிருந்தால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். டைல்ஸ் நிறம் சரியில்லை என்றும் கேஸ் போடுகிற ஊர் இது. மரக்கடையோ, பிளம்பிங் சாமான் கடையோ, அவருக்கு உள்வேலை செய்த எலக்ட்ரீஷியனோ பாக்கிப் பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தால் மட்டும் எனக்கு அடிவயிறு கலங்கும். காண்ட்ராக்டர் அவர்களுக்குப் பணம் தராவிட்டால் அவர்கள் ‘மெக்கானிக்ஸ் லீன்’ என்ற பெயரில் உங்கள் வீட்டின் மேல் வில்லங்கம் போடலாம். நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் போடலாம்.

அவர் வாதியாக இருக்கும் வழக்குகளையும் பாருங்கள். பிரதிவாதிப் பக்கம் மட்டும் தேடிவிட்டு நிறுத்துவது சாதாரணமாக நடக்கும் தப்பு. வாடிக்கையாளர்கள் மேல் வருடத்துக்கு மூன்று லீன் வழக்குப் போடுகிற ஆளோடு வேலை எப்படி இருக்கும் என்பதை யோசிக்க எதிர்வழக்குகளைப் படித்தால் போதும். வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கதையை அங்கேதான் எழுதியிருப்பார். ஆனால் ஒன்று, பிராதில் எழுதியிருப்பதெல்லாம் ஒரு தரப்பு சொல்வது. யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி என்ன வேண்டுமானாலும் எழுதித் தாக்கல் செய்யலாம். எழுதியவுடன் அது உண்மையாகிவிடாது.

காகிதம் வாங்குவதற்கு வருவோம். பட்டியலிலிருந்து உங்களுக்கு வேண்டியது மூன்று நான்குதான்: பிராது, ஆன்சர், எதிர்வழக்கு இருந்தால் அது, தீர்ப்பு இருந்தால் அது. டெபாசிஷன் எனப்படும் வாக்குமூலங்கள், வழக்குத் தரப்பினர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி பதில்கள் எல்லாம் பொதுவாகக் கோர்ட்டில் தாக்கலாவதே இல்லை. அவற்றைத் தேடி அலைய வேண்டாம். விசாரணையில் யார் என்ன பேசினார் என்ற எழுத்துப் பிரதி கிளார்க்கிடம் கிடைக்காது, சுருக்கெழுத்தாளரிடம் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இப்போது பல சிவில் விசாரணைகளுக்குச் சுருக்கெழுத்தாளரே இருப்பதில்லை. அப்படியானால் பிரதியும் இல்லை.

ஆன்லைனில் ஆவணம் திறக்காவிட்டால் நேரில் போங்கள். சான் ஹோசேயில் சிவில் கவுண்டர் நார்த் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு எதிரே, வாசலில் லைட் ரயில் நிற்கும். உள்ளே நுழைந்ததும் பெல்ட்டைக் கழற்றி ஸ்கேனர் தட்டில் போட வேண்டும். பேனாக் கத்தி இருந்தால் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், நான் ஒன்று இழந்திருக்கிறேன். நம்பர் சீட்டு எடுத்து, முறை வந்ததும் வழக்கு எண்ணையும் வேண்டிய ஆவணங்களின் பெயரையும் தாக்கலான தேதியையும் எழுதிய துண்டை நீட்டுங்கள். “இந்த கேஸில் எல்லாமே வேண்டும்” என்று சொன்னால் கிளார்க்கின் முகம் மாறும், பில்லும் ஏறும். மாநிலம் முழுவதும் ஒரே கட்டணம்: நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். சான்றிட்ட நகல் வேண்டுமானால் ஆவணத்துக்கு 40 டாலர் கூடுதல். 20 பக்கத் தீர்ப்பு சாதா நகல் 10 டாலர், முத்திரையோடு 50 டாலர். நீங்களே படித்துப் பார்க்க சாதா நகல் போதும். வழக்கு எண் இல்லாமல் போய் “தேடிக் கொடுங்கள்” என்று கேட்டு, தேடப் பத்து நிமிடத்துக்கு மேலானால் அதற்கு 15 டாலர். மதியத்துக்குள் போய்விடுங்கள். கட்டடம் திறந்திருந்தாலும் கவுண்டர் சீக்கிரம் மூடிவிடும்.

தூரத்துக் கவுண்டி என்றால் தபாலில் வாங்கலாம். ஒரு கடிதத்தில் வழக்கு எண், ஆவணப் பெயர்கள், தேதிகள். கூடவே சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவர், ஒரு செக். எத்தனை பக்கம் என்று தெரியாதபோது செக்கில் தொகையை எழுதாமல், “25 டாலருக்கு மேல் போகக் கூடாது” என்று ஆங்கிலத்தில் செக்கின் மேலேயே எழுதிவிட்டுத் தொகையைக் காலியாக விடுவது வக்கீல் ஆபீஸ்களின் பழைய வழக்கம். கிளார்க் சரியான தொகையை நிரப்பிக்கொள்வார். முதல்முறை செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. இன்றுவரை ஒரு சென்ட்கூட அதிகம் போனதில்லை.

பழைய வழக்கு என்றால் கட்டு கிடங்கிலிருந்து வர வேண்டும், நாள் பிடிக்கும். அல்லது அழித்திருப்பார்கள். சாதாரண சிவில் கட்டைப் பத்து வருடத்துக்குப் பிறகு அழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அன்லிமிடெட் வழக்கின் தீர்ப்பை மட்டும் நிரந்தரமாக வைக்க வேண்டும். 1990-களிலோ அதற்கு முன்போ என்றால் சின்ன வழக்குகள் ‘முனிசிபல் கோர்ட்’ என்ற தனி நீதிமன்றத்தில் இருந்தன. 1998-இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டியாக இணைத்து, 2001-க்குள் 58-உம் ஒரே சுப்பீரியர் கோர்ட் ஆகிவிட்டன. பழைய குறியேடுகள் மைக்ரோஃபிலிமில் இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1906 பூகம்பமும் தீயும் கோர்ட், நிலப்பதிவு ஆவணங்களில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிவிட்டன. வீடு நம்முடையதுதான் என்று நிரூபிப்பதற்கென்றே ஊர்க்காரர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது, அதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. தேடிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால் ஆள் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. ஒப்பந்தத்தில் ‘ஆர்பிட்ரேஷன்’ ஷரத்து இருந்தால் தகராறு கோர்ட்டுக்கே வராமல் தனி மத்தியஸ்தரிடம் முடிந்துபோகும். அவருடைய முடிவை உறுதி செய்யச் சொல்லி யாராவது மனுப் போட்டால்தான் கோர்ட்டில் தடயம் இருக்கும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள் கலிஃபோர்னியாவில் பொதுவாகப் பொதுமக்களின் பார்வைக்கு வராது. பெரும்பாலும் 60 நாளுக்குள் வீட்டின் சொந்தக்காரர் ஜெயித்தால்தான் திறக்கும். இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன், வாடகைக்குக் குடியிருப்பவர் பெயர் வீணாகக் கெடாது. குடும்ப வழக்குகளின் ஆவணங்கள் பெரும்பாலும் ஆன்லைனில் கிடைக்காது, கோர்ட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், மத்திய அரசின் நீதிமன்றங்கள் முற்றிலும் வேறு உலகம். திவால் வழக்குகள் அங்கே மட்டும்தான் நடக்கும். கவுண்டி வழக்கின் பட்டியலில் திடீரென்று ‘நோட்டீஸ் ஆஃப் ஸ்டே’ (வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டது என்ற அறிவிப்பு) என்று வந்து அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்றால், பிரதிவாதி திவால் மனு போட்டிருக்கலாம். உடனே ‘பேசர்’ என்ற மத்தியத் தளத்துக்குப் போங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் ஒன்றும் கட்ட வேண்டாம். தேடல் முடிவுப் பக்கத்துக்கும் காசு கணக்காகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோர்ட்டைத் தவிர இன்னொரு கவுண்டி அலுவலகமும் பார்க்க வேண்டியது: ரெக்கார்டர். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி. தோற்றவர் பணம் கட்டாதபோது ஜெயித்தவர் தீர்ப்பின் சுருக்கத்தை இங்கே பதிவு செய்வார். தோற்றவருக்கு அந்தக் கவுண்டியில் உள்ள நிலம், வீடு எல்லாவற்றின் மேலும் அது வில்லங்கமாக ஏறிவிடும். தீர்ப்புக்கு ஆயுள் பத்து வருடம், புதுப்பிக்கவும் செய்யலாம். மெக்கானிக்ஸ் லீன்களும் இங்கேதான் பதிவாகும். கோர்ட்டில் தட்டுப்படாத ஆள் ரெக்கார்டரின் பெயர்க் குறியேட்டில் மாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு மாநிலத்திலிருந்து படிக்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. டெக்சஸில் 254 கவுண்டி, அங்கே கிளார்க்கே இரண்டு பேர். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் பெரிய சிவில் வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், கவுண்டி சிவில் கோர்ட் வழக்குகளும் உயில்களும் நிலப்பதிவும் கவுண்டி கிளார்க்கிடம், 20,000 டாலர் வரையிலான சின்ன வழக்குகள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுகளில். மூன்று இடமும் பார்க்காமல் தேடினேன் என்று சொல்ல முடியாது. நியூயார்க்கில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது உச்ச நீதிமன்றம் அல்ல, விசாரணை நீதிமன்றம். கவுண்டி கிளார்க்தான் அதற்கும் கிளார்க். புரூக்ளின் வழக்கைத் தேட ‘கிங்ஸ்’ கவுண்டி என்றும் ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ‘ரிச்மண்ட்’ என்றும் போட வேண்டும். வர்ஜீனியாவில் ‘சிட்டி’ என்ற அந்தஸ்து உள்ள நகரங்கள் எந்தக் கவுண்டிக்குள்ளும் வராது. கொடுத்துவைத்தவர்கள் விஸ்கான்சின்காரர்கள்: 72 கவுண்டிக்கும் ஒரே தளம், தேடல் இலவசம்.

இந்த வகைக் கேள்விகளில் எனக்கு அடிக்கடி வரும் இன்னொன்று, இங்கே வாங்கிய விவாகரத்துத் தீர்ப்பை ஊரில் காட்ட வேண்டும் என்பது. அதற்கு நெட்டில் இறக்கிய பிரதி செல்லாது. தீர்ப்பு வழங்கிய கவுண்டியில் சான்றிட்ட நகல் வாங்கி, அதன்மேல் மாநிலச் செயலாளரிடம் ‘அப்போஸ்டில்’, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாகப் போடும் சான்று, வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஓர் அப்போஸ்டிலுக்கு 20 டாலர். அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-இலிருந்து இருப்பதால் தூதரகத்தில் தனி முத்திரை வேண்டாம். அந்தத் தீர்ப்பை இந்திய நீதிமன்றம் ஏற்குமா என்பது வேறு கேள்வி. அதை ஊரிலுள்ள வக்கீலிடம் கேளுங்கள்.

உங்கள் காண்ட்ராக்டருக்கு நான் செய்வதாக இருந்தால் வரிசை இப்படி இருக்கும். இன்றிரவு லைசென்ஸ் போர்டின் தளத்தில் பெயர்களை எடுப்பேன். கட்டுமானம் தொடர்பான தீர்ப்புப் பணத்தைக் கட்டாமல் இருந்தால் லைசென்ஸை முடக்க போர்டுக்கு அதிகாரம் உண்டு. எனவே ‘சஸ்பெண்டட்’ என்ற வார்த்தை எந்த வருடத்தில் வந்திருந்தாலும் காரணத்தைத் தோண்டுவேன். நாளை அலமேடா, சாண்டா கிளாரா, கான்ட்ரா கோஸ்டா, சான் வாகீன் நான்கிலும் எல்லாப் பெயரையும் வாதியாகவும் பிரதிவாதியாகவும் தேடுவேன். ஏதாவது கிடைத்தால் அரை நாள் லீவு போட்டுக் கவுண்டருக்குப் போவேன். லைசென்ஸுக்கு ஈடாக அவர் கட்டியிருக்கும் பாண்ட் எனும் உத்தரவாதம் 25,000 டாலர்தான், அதுவும் எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து. 80,000 டாலர் வேலைக்கு அதை நம்பி இறங்க முடியாது. முன்பணமாகச் சட்டப்படி அவர் கேட்கக் கூடியது ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அது. உங்களிடம் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்று எழுதவில்லையே?